ஜூலி சொறிந்த காலம்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் ஒரு நாயோடு இறங்கினேன். நாய் என்னுடையது அல்ல, நான்காம் மாடியில் இருக்கும் கல்லூரிப் பெண்ணுடையது. நன்றாகத் தின்று நன்றாகக் குளித்த நாய். இரண்டாம் மாடி தாண்டும்போது சட்டென்று உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் பரபரவென்று சொறிய ஆரம்பித்தது. தரைத்தளம் வந்தபோது பார்க்கிறேன், நான் என் முழங்கையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டு, "பயப்படாதீங்க அங்கிள், அவனுக்கு டேப்லட் குடுத்தாச்சு. மாசம் ஒண்ணு போட்டா எந்தப் பூச்சியும் தங்காது" என்றாள். பயமெல்லாம் இல்லையம்மா, இது எனக்குப் பழைய பழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

கொட்டாவிக்கு அடுத்தபடி பார்த்தாலே தொற்றிக்கொள்வது அரிப்புதான். இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் எங்காவது லேசாக ஊறத் தொடங்கியிருக்கும். தாராளமாகச் சொறிந்துகொள்ளுங்கள், நான் பார்க்கவில்லை. அது ஏன் அப்படி என்று ஒரு காலத்தில் மண்டையைக் குடைந்துகொண்டு திரிந்தேன். அடுத்தவருக்கு வயிற்றுவலி என்றால் நமக்கு வலிப்பதில்லை, அடுத்தவருக்கு அரித்தால் மட்டும் நம் கை ஏன் போகிறது? இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தது ஜூலி. பீர்க்கன்கரணையில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் நாய்.

அப்போது எனக்கு முதல் வேலை. திருமுடிவாக்கத்தில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதினேன். அதே கம்பெனியில் லேத் ஓட்டிய ஏழுமலை அண்ணன்தான், "எங்க வூட்டு மேல ஒரு ரூம் காலியாத்தான் கீது, வந்துடு தம்பி" என்று அழைத்துக்கொண்டு போனார். காலையில் அவர் வண்டியின் பின்சீட்டில் போவேன், மாலையில் அதே பின்சீட்டில் வருவேன். அவர் சட்டையின் ஆயில் வாசனை என் சட்டைக்கும் வந்துவிட்டது. ஊருக்குப் போனால் என் அம்மா, "நீ கணக்குதானே எழுதறே?" என்று சந்தேகமாகக் கேட்பாள்.

ஏழுமலை அண்ணன், அவர் மனைவி கஸ்தூரி அக்கா, ஜூலி. கீழ்வீட்டில் அவ்வளவுதான். ஒரே மகள் தேவியை ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜூலி தேவி தூக்கிவந்த குட்டி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரிக்கரையில் கிடந்ததாம், யூனிஃபார்ம் தாவணியில் சுற்றி எடுத்து வந்தாளாம். வெளுத்த பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். நான் குடிவந்த அன்று என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் கேட்காத கேள்வியெல்லாம் அந்த மூக்கு கேட்டு முடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அரிப்பு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அரிப்பு எதுவுமே அப்படித்தான், தொடங்கிய பிறகுதான் தெரியும். மழை விட்டுப் புழுக்கம் வந்த சமயம். முதலில் எப்போதாவது ஒரு சொறி. பிறகு சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு சொறி. பிறகு சொறிதலுக்கு நடுவில் கொஞ்சம் சாப்பாடு. வாலுக்கு மேலே முதுகு முடிகிற இடத்தைத் திரும்பித் திரும்பிக் கடித்து, அங்கே முடி கொட்டி, தோல் சிவந்து, பிறகு கறுத்துத் தடித்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் நாம் கையை வைத்தால் போதும், பின்னங்கால் தானாகக் காற்றில் ஆட ஆரம்பிக்கும். காலை ஆட்டுவது ஜூலியா, இல்லை காலே ஆடுகிறதா? ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பேன். கஸ்தூரி அக்கா, "ஏன் தம்பி, உனக்கு ஊர்ல பொண்ணு கிண்ணு பாக்கறாங்களா இல்லியா?" என்பார்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கோழித்தோல் போடுவதால் சூடு என்றார் ஒருவர். ஏரித்தண்ணியில் இறங்கியதால் என்றார் இன்னொருவர். நான் கைபேசியில் தேடித் தேடிப் படித்து, மனிதருக்கு வரும் நோய்கள் சிலவற்றையும் சேர்த்து ஜூலிக்குக் கண்டுபிடித்தேன். ஆனால் கஸ்தூரி அக்காவின் முடிவு வேறு. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தேவி போனதுலேந்து அதுக்கு ஏக்கம். ஏக்கம் உள்ள எறங்கிப்போய் தோல்ல வந்துகினு கீது." அதற்குச் சாட்சியும் இருந்தது. கல்யாணமான வாரம் ஜூலி சோறு தின்னவில்லையாம். தேவியின் பழைய தாவணி, பாவாடை, ஒரு நைட்டி எல்லாவற்றையும் மூட்டையாக மாடிப்படிக்கு அடியில் போட்ட பிறகுதான் அதன்மேல் சுருண்டு படுத்து, மறுநாள் தின்றதாம். அன்றிலிருந்து அந்த மூட்டைதான் படுக்கை. நான் இந்தக் காரணத்தைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன். பாதி சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். எலுமிச்சை மிளகாய் கட்டியதில் பேய் முடிந்தது. நோய்க்கு முதலில் குப்பைமேனி இலையும் உப்பும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். ஜூலி மஞ்சளாகி, அது உரசிய சுவரெல்லாம் மஞ்சளாகி, என் வேட்டியும் மஞ்சளானது. பிறகு வேப்பெண்ணெய். பிறகு தேங்காயெண்ணெயில் குழைத்த கந்தகம். அந்த நாற்றம் மாடிப்படி ஏறி வந்து என் தயிர்சாதத்தில் உட்கார்ந்துகொண்டது. கடல்நீரில் முக்கினால் போய்விடும் என்று யாரோ சொல்ல, தெரிந்தவருடைய ‘குட்டி யானை’ சரக்கு வண்டியில் ஜூலியை ஏற்றிக் கோவளத்துக்குப் போனோம். மீன் வாங்க வந்த கூட்டம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. ரணத்தில் உப்புத்தண்ணீர் பட்டதும் ஜூலி போட்ட சத்தத்தில் ஏழுமலை அண்ணன் பேன்ட்டோடு கடலில் விழுந்தார். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, நாய்க்கா குளியலு, உனுக்கா?" என்று கேட்டார்.

கோவளத்தில்தான் கஸ்தூரி அக்காவின் தங்கை வீடு. திரும்பும் வழியில் அங்கே டீ குடித்தோம். அந்த வாசலையும் கட்டிக்கிடந்த வேறொரு நாயையும் அண்ணன் அன்று ஏன் அப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் வண்டியில் போகும்போது சொன்னார். தேவி முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், தலைப்பிரசவம் இங்கேதான். ஆனால் தேவியின் மாமியார் ராஜேஸ்வரி அம்மா ஃபோனில் சொல்லிவிட்டார்: சொறி பிடித்த நாய் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப முடியாது. நாய் குணமாக வேண்டும், அல்லது வீட்டைவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பிரசவத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

"கோவளத்துல வுட்டுடலாம்னு கஸ்தூரி சொல்றா. சொல்லிட்டு அவளே அயுவுறா. பொண்ணக் கூட்டியாரணும்னா நாய அனுப்பணுமாம். இன்னா கணக்கு தம்பி இது? நீதான் கணக்கு எய்தறியே, சொல்லேன்."

எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அது அடங்கவில்லை. எனக்கு அந்த மாமியார்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிரம்பும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு உருவத்தை நானே மனதில் செய்து வைத்துக்கொண்டேன்.

அவசரத்தில் புத்தி கெடும். அந்த வாரம் ஏழுமலை அண்ணன் கம்பெனியிலிருந்து ஒரு டப்பாவில் வேஸ்ட் ஆயில் கொண்டுவந்தார். இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். தெருநாய்க்குச் சொறி என்றால் மெக்கானிக் ஷெட்டுகளில் செய்கிற வைத்தியம் அது. ஜூலி அதை நக்கி, நுரையாக வாந்தியெடுத்து, கண்ணைத் திறக்காமல் கிடந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "நானே சாவடிச்சிட்டனே, நானே சாவடிச்சிட்டனே" என்றார். சோப்பு போட்டுக் கழுவி, ஆட்டோவில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம்.

டாக்டர் ஒரு பெண். முதலில் ஊசி போட்டு வாந்தியை நிறுத்தினார். பிறகு எங்களைப் பார்த்து, "இவ மேல என்னென்ன போட்டீங்க?" என்றார். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. "மளிகைக் கடையையே போட்டிருக்கீங்க. முதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க." ஒரு பிளேடால் ஜூலியின் தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "நீங்களும் பாக்கறீங்களா?" என்றார். கண்ணை வைத்தேன். கறுப்பாக, வளைவாக, கால் கால்களாக ஒன்று அசைந்தது. "இருக்கு டாக்டர், பெருசா ஒண்ணு இருக்கு!" என்று கத்தினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "அது உங்க கண்ணிமை முடி. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றார். தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெறும் தோல் செதிள்கள்.

"சொறிப்பூச்சி கிடைக்கல. அரிக்கிற இடமும் அதுக்கான இடமா தெரியல. எல்லாத்துக்கும் மேல வால் பக்கம்தானே கடிக்குது?" என்றவர், பேன் சீப்பு மாதிரி ஒன்றால் ஜூலியின் முதுகை வாரினார். ஒரு வெள்ளைக் காகிதத்தில் மிளகுத்தூள் போலக் கொஞ்சம் அழுக்கு விழுந்தது. அதன்மேல் சொட்டுத் தண்ணீர் விட்டார். கறுப்புப் பொடி ஒவ்வொன்றைச் சுற்றியும் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் பரவியது. எனக்கு அது ஒரு மாயவித்தை மாதிரி இருந்தது.

"ரத்தம். உங்க நாயோட ரத்தம்தான். தெள்ளுப்பூச்சி குடிச்சுட்டுப் போட்ட எச்சம். இவளுக்கு அந்தப் பூச்சியோட எச்சில் அலர்ஜி. ஒரே ஒரு பூச்சி கடிச்சாலும் நாள்கணக்கா அரிக்கும். நீங்க நாயைத்தான் பாக்கறீங்க. பூச்சி பாதிநாள் நாய்மேல இருக்காது, முட்டை புழு எல்லாம் அது படுக்கிற இடத்துலதான் இருக்கும். எங்கே படுக்கும்?"

"மாடிப்படிக்கு அடில" என்றார் அண்ணன்.

"எதுமேல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜூலியைப் பார்த்தேன்.

கல்யாணமான வாரத்திலிருந்து அந்த மூட்டையை யாரும் துவைக்கவில்லை. நாயைக் குளிப்பாட்டினோம், பூசினோம், கடலில் முக்கினோம், வீடு வந்ததும் அதே மூட்டையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். வெந்நீரில் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னதும் கஸ்தூரி அக்கா மூட்டைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அதத் தொவைக்காத. அவ வாசம் பூடும். அப்பால இது சோறு திங்காது, சொல்லிட்டேன்." அண்ணன் அதட்டியும் நகரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஜூலியை மட்டும் இல்லை. மகள் போன வீட்டில் மகள் வாசனைக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு மூட்டைதான். அதை நாயின் பேரைச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே குனிந்து தாவணியை எடுத்தார். முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்தார். பிறகு சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு. "இதுல அவ வாசம் எங்க கீது? நாய் வாசம்தான் கீது. அடுப்புல அண்டாவ ஏத்து தம்பி."

அன்று மாடிப்படி அடியைச் சுரண்டிக் கழுவினோம், டாக்டர் கொடுத்த மருந்தை இடுக்கு விடாமல் அடித்தோம், ஜூலியின் பிடரியில் சொட்டு மருந்து விட்டோம். தாவணி பாவாடையெல்லாம் கொதித்து, கொடியில் காய்ந்து, மடித்துப் பெட்டிக்குள் போனது. ஜூலிக்குக் கஸ்தூரி அக்கா தன்னுடைய பழைய புடவை ஒன்றை விரித்தார். முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து, வெறும் தரையில் படுத்தது. அடுத்த நாள் புடவையில் படுத்தது. சோறும் தின்றது.

ஆனால் தோல் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது. அரிப்பு குறைந்தாலும் வால் பக்கம் சொட்டையாகவே இருந்தது, அவ்வப்போது பழைய ஞாபகத்தில் ஒரு கடி கடிக்கும். அந்த நிலையில்தான் ராஜேஸ்வரி அம்மா நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கஸ்தூரி அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில், பெட்டியிலிருந்து தேவியின் நைட்டியை எடுத்து, வெட்டி, கை வைத்துத் தைத்து, ஜூலிக்குப் போட்டுவிட்டார். நீலப் பூப்போட்ட நைட்டியில், மடங்கிய காதோடு, ஜூலி நடுக்கூடத்தில் நின்றது. இதைவிடச் சொட்டையே தேவலை என்று எனக்குப் பட்டது.

ராஜேஸ்வரி அம்மா நான் செய்து வைத்த உருவம் மாதிரி இல்லை. ஒடிசலாக, குரல் மெலிந்த பெண்மணி. முந்தானையைக் கையோடு சுற்றிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியை முந்தானைத் துணியோடு சேர்த்தே பிடித்துக் குடித்தார். ஜூலியையும் அதன் நைட்டியையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தேவியின் செக்கப், வெயில், பேருந்து என்று பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜூலிக்கு அரித்துவிட்டது. திரும்பி நைட்டியோடு சேர்த்துக் கடித்து, எட்டாமல் சுழன்று, துணி கிழிந்து, சொட்டை முழுவதும் வெளியே வந்தது.

"ஏய் ஜூலி! சும்மா கெட!" என்று ஏழுமலை அண்ணன் கையை ஓங்கினார்.

"அதை அதட்டாதீங்க" என்றார் ராஜேஸ்வரி அம்மா. "வேணும்னா பண்ணுது?"

அவர் காபி டம்ளரை வைத்துவிட்டு, முந்தானையை விலக்கி இரண்டு கைகளையும் மடியில் வைத்தார். விரல்களெல்லாம் வெடித்து, தோல் தடித்துக் கறுத்திருந்தது. ஜூலியின் முதுகேதான்.

"சாக்பீஸ் பிடிச்சுப் பிடிச்சு வந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு பட்டா இன்னும் அதிகம். கிளாஸ்ல அரிக்கும்போது பசங்க முன்னாடி சொறியக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். பாக்கறவங்க எல்லாரும் ஒட்டிக்குமான்னுதான் கேப்பாங்க. உங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேட்டதில்ல." ஜூலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவளைப் பத்திக் கேள்விப்பட்டதும் நானும் அதையேதான் கேட்டிருக்கேன் பாருங்க."

கஸ்தூரி அக்கா அழுதுகொண்டே டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். சொறி இல்லை, அலர்ஜி. பூச்சி மனிதரையும் கடிக்கும், ஆனால் இப்போது வீட்டைச் சுத்தம் செய்தாகிவிட்டது. ராஜேஸ்வரி அம்மா எழுந்து மாடிப்படி அடியைக் குனிந்து பார்த்தார். டீச்சர் இல்லையா, திருத்தாமல் விடுவாரா? புடவையை வாராவாரம் வெந்நீரில் போடவும், பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் நாயைத் தள்ளியே வைக்கவும் சொன்னார். பிறகு, "தேவி வளைகாப்பு முடிஞ்சு இங்கேயே வரட்டும்" என்றார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "சாயங்காலம் ஆனா அரிப்பு அதிகமாகுதா இவளுக்கு? எனக்கு அப்படித்தான். ஏன்னு டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் அதைக் கேட்டிருக்கவில்லை. என் ஆராய்ச்சிக்கெல்லாம் தோன்றாத கேள்வி அது. அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். வேறு வேலை இல்லாத நேரத்தில் உடம்பு அரிப்பைத்தான் கவனிக்கும் என்றார். அதை ஃபோனில் சொன்னதும் ராஜேஸ்வரி அம்மா வெகுநேரம் சிரித்தார்.

தேவி வந்தாள். ஜூலி நாள் முழுக்க அவள் வயிற்றுப் பக்கம் மூக்கை வைத்து எதையோ விசாரித்துக்கொண்டிருந்தது. பெண் குழந்தை பிறந்தது. அதன்பின் ராஜேஸ்வரி அம்மா வரும்போதெல்லாம் முதலில் குழந்தையைக் கேட்பார், அடுத்தது ஜூலியின் முதுகை. ஏதாவது களிம்பு தனக்கு ஒத்துக்கொண்டால் அதை ஜூலிக்குப் போடலாமா என்றும் கேட்பார். கூடாது என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் சொல்வார். ஒவ்வொரு முறையும் இவர் கேட்பார்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் கீழே கார் நிறுத்துகிற நான்கு மாடிக் கட்டடம். மாடிப்படிக்கு அடியில் மின்சார மீட்டர்கள். அண்ணனும் அக்காவும் மகளோடு ஊரப்பாக்கத்தில். நான் போய்ப் பார்த்தால் அக்கா இன்னும், "பொண்ணு கிண்ணு" என்றுதான் ஆரம்பிப்பார், எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருப்பதை மறந்து. ஜூலி வயதாகிப் போய்ச் சேர்ந்தது. அதற்குச் சில வருடம் கழித்து ராஜேஸ்வரி அம்மாவும் போய்விட்டார்.

ஜூலி போன அன்று நான் அந்தப் பீர்க்கன்கரணை வீட்டில் இருந்தேன். கஸ்தூரி அக்கா சம்பந்திக்கு ஃபோன் போட்டு, சொல்ல முடியாமல் சொன்னார். நாய்தானே என்று சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"கடைசியில அரிப்பு இல்லாமதானே போனா?" என்று கேட்டார் ராஜேஸ்வரி அம்மா.

"ஆமா சம்மந்தி. அரிப்பு ஒண்ணும் இல்ல. தூங்கிக்கினேதான் போனா."

"அப்ப சரி" என்றார் அவர்.